11 ஃபின் ஆயில் ஹீட்டர்: மூன்று ராத்திரிக்குப் பிறகு

எங்கள் பக்கம் குளிர்காலம் ஒரு சால்வையோடு முடிந்துவிடும். அதை நம்பித்தான் வீட்டையும் கட்டியிருக்கிறார்கள். மெல்லிய சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், கதவுக்கு அடியில் எலி நுழையும் சந்து, வெளிச்சுவரை ஒட்டி மூடாமல் ஓடும் தண்ணீர்க் குழாய். இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வரும் வாரம் இரவில் மைனஸ் 7 வரை இறங்கும் என்று வானிலை அறிக்கையில் கேட்டால் கை காலே ஓடாது. நான் ஓடிப்போய் ஒரு ஹீட்டர் வாங்கினேன்.

11 ஃபின் (சூட்டை அறைக்குள் விடும் தகடு), 2000 வாட், ஆயில் ஹீட்டர். என்ன பிராண்டு என்பது வேண்டாம், இந்த வகை எல்லாமே ஒரே குட்டையில் ஊறியவைதான். உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, குறைவதும் இல்லை. மின்சாரம் எண்ணெயைச் சூடாக்குகிறது, எண்ணெய் அந்தச் சூட்டை மெதுவாக அறைக்குள் விடுகிறது, அவ்வளவுதான். "எண்ணெய் எப்போப்பா மாத்தணும்?" என்று அம்மா கேட்டார். மாற்றவே வேண்டாம், சீல் வைத்தது என்றேன். அவர் நம்பவில்லை. மூன்று நாளும் அடியில் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். யோசித்தால் அது நல்ல பழக்கம்தான்.

முதல் தடவை போட்டதும் பெயிண்ட் கருகுவது போல ஒரு வாடை வரும், பயப்பட வேண்டாம். ஆனால் குளிர் வருவதற்கு முன்பே, ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டுவிடுங்கள். மைனஸில் ஜன்னலைத் திறக்க யாருக்கும் மனசு வராது.

விற்றவர், "ஃபேன் ஹீட்டரைவிட கரண்ட் பாதிதான் இழுக்கும்" என்றார். அது கதை. ஒரு யூனிட் மின்சாரம் எந்தக் கம்பிச்சுருளில் போனாலும் தருகிற வெப்பம் ஒன்றே. இதில் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: சத்தமில்லை, முகத்தில் காற்று அடிக்காது, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு நிற்கும். வெப்பம் தரும் வசதியுள்ள ஏசி இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். அது வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வருவதால், அதே மின்சாரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு வெப்பம் கிடைக்கும். குளிர் முற்றினால் அதன் கையும் கொஞ்சம் தளரும் என்பது வேறு விஷயம்.

முதல் ராத்திரி படுக்கையறையில் 11 டிகிரி. ஒன்றரை மணி நேரத்தில் 15 வந்தது, அதற்குமேல் விடியும்வரை அசையவில்லை. ஹீட்டரைத் திட்டித் தீர்த்தேன். காலையில் கதவருகே ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: புகை கிடைமட்டமாக ஓடுகிறது. நான் சூடாக்கிக்கொண்டிருந்தது தெருவை. அன்று பகல் முழுக்க ஜன்னல் சட்டங்களில் ஃபோம் டேப் ஒட்டினேன், கண்ணாடியில் தண்ணீர் தெளித்து பபிள் ஷீட்டைப் பதித்தேன், கதவடியில் சுருட்டிய துண்டு. அடுத்த ராத்திரி அதே ஹீட்டர், அதே அறை, வெளியே முந்தைய நாளைவிடக் குளிர். 19 டிகிரி தொட்டதும், சூட்டைப் பார்த்து நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஹீட்டரைத் தானே அணைத்தது. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயதானவர்கள் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வைப்பது நல்லது. இத்தனைக்கும் அந்த டேப்பும் ஷீட்டும் ஹீட்டர் விலையில் ஒரு மூலைக்குக் காணாது.

இன்னொரு தப்பும் செய்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிவிட்டேன். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். அரை மணியில் பிளக்கைத் தொட்டால் சுட்டது. ஏசிக்குப் போடுகிற பெரிய பாயிண்டில் நேராகச் செருகியபிறகு பிரச்சினை இல்லை. ஒயர்தான் ஒன்றரை மீட்டர், அதனால் நாம் விரும்பும் இடத்தில் வைக்க முடியாது. டயலில் டிகிரி கிடையாது, 1 முதல் 6 வரை எண் மட்டும். சக்கரம் ஒன்று இரண்டாம் நாளே கழன்றது. தம்பி ஈர சாக்ஸைக் காயப்போட, உள்ளே சூடேறி ஹீட்டர் தானாக நின்றுவிட்டது. அந்தப் பாதுகாப்பு வேலை செய்கிறது என்று அவன் புண்ணியத்தில் தெரிந்தது.

அறைக்குள் இருக்கும் எந்த ஹீட்டரும் வெளிக் குழாயைக் காப்பாற்றாது. குழாய்க்கு ஃபோம் உறை மாட்டினேன், ஆனால் வால்வுக்குப் பக்கத்தில் வளைவை மட்டும் விட்டுவிட்டேன். சரியாக அங்கேயே உறைந்தது. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் போல விரியும். பனிக்கட்டிக்கும் திருகி மூடிய குழாய் வாய்க்கும் நடுவே மாட்டிய தண்ணீருக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறித்தான் குழாய் வெடிக்கும். குழாயைச் சொட்டவிட்டு வைத்திருந்ததால் தப்பித்தேன். திறந்தபடியே வைத்து, ஹேர் டிரையரைக் குழாய் வாயிலிருந்து உறைந்த இடம் நோக்கிக் காட்டினேன். முக்கால் மணி ஆனது. தீயைக் காட்டிவிடாதீர்கள்.

மூன்றாம் ராத்திரி கரண்ட் போனது. ஊரே ஹீட்டர் போட்டால் போகாமல் என்ன செய்யும்? 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் நடந்ததும் இதன் பெரிய வடிவம்தான். ஒரு பக்கம் தேவை எகிற, மறுபக்கம் மின்நிலையங்களும் எரிவாயுக் குழாய்களும் உறைந்து நின்றன. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருளில். இறந்தவர்கள் அரசுக் கணக்கில் 246 பேர், அதில், மூடிய இடத்தில் கரியோ எரிபொருளோ எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு பலி கொண்டவர்களும் உண்டு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எங்கள் வீட்டிலும் தம்பி, "கரி அடுப்பை உள்ளே வைக்கலாமா?" என்றான். அம்மா போட்ட சத்தத்தில் அவனுக்கே வேர்த்திருக்கும்.

ஆயில் ஹீட்டர் முக்கால் மணி நேரம் இளஞ்சூட்டோடு இருந்தது, அப்புறம் 12 கிலோ இரும்பு. மீதி ராத்திரியை ஓட்டியது பழைய ரப்பர் வெந்நீர்ப் பை. கொதிக்கும் தண்ணீர் ஊற்றாமல், முக்கால் பாகத்துக்கும் கீழே நிரப்பி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, துணி சுற்றிக் கால்மாட்டில் வைத்தோம். மூவரும் ஒரே அறையில் படுத்தோம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். அரை மதிப்பெண் சக்கரத்துக்காகப் போனது, ஒன்று அந்த விற்பனைப் பேச்சுக்காக. ஹீட்டர் இப்போது பரணில், பெட்டியில் நிமிர்ந்தபடி இருக்கிறது. குழாய் வளைவுக்கான ஃபோம் துண்டைப் பரணில் போடவில்லை. வெயில் அடித்த முதல் நாளே மாட்டிவிட்டேன்.