பூனைக்கு மார்பகக் கேன்சர்: ஸ்டேஜா கிரேடா, எதை வச்சு முடிவெடுக்குறது?

பூனைய தடவிக் குடுக்கும்போது வயித்துப்பக்கம் பட்டாணி மாதிரி ஒரு கட்டி கையில தட்டுப்படுது, டாக்டர் கேன்சரா இருக்கலாம்னு சொல்றாரு, அடுத்து எல்லாரும் கேக்குறது "இன்னும் எவ்ளோ நாள்?" தான். அதுக்கு ரெண்டு கணக்கு இருக்கு. ஸ்டேஜ்ங்குறது கேன்சர் எவ்ளோ தூரம் போயிருக்குன்னு சொல்லும், கிரேடுங்குறது அந்த செல்லுங்க எவ்ளோ முரடுன்னு சொல்லும். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு, ரிப்போர்ட்ல கிரேடு 3ன்னு பாத்ததுமே நுரையீரலுக்குப் போயிடுச்சுன்னு அழுதுடுறவங்க நிறைய.

ஸ்டேஜ் பாக்க கட்டியோட அளவு, நிணநீர் முடிச்சு (லிம்ஃப் நோட்), நெஞ்சு எக்ஸ்ரே, இந்த மூணும் வேணும். கட்டி 2 செ.மீ.க்குள்ள இருந்தா ஸ்டேஜ் 1, 2லேர்ந்து 3 செ.மீ. வரைக்கும் 2, அதத் தாண்டினா 3, சின்னக் கட்டியா இருந்தாலும் முடிச்சுல ஏறிட்டா அதுவும் 3 தான், தூரமா பரவியிருந்தா 4. இதுல எனக்குப் பிடிச்சது, ஆபரேஷனுக்கு முன்னாடியே முக்கால்வாசி தெரிஞ்சிடும். ஆபரேஷன் ஆன பூனைங்கள்ல 2 செ.மீ.க்குக் கம்மின்னா பாதிக்கு மேல சுமார் மூணு வருஷம் தாண்டுது, 3 செ.மீ.க்கு மேலன்னா பல சமயம் ஆறு மாசம், ஆய்வுக்கு ஆய்வு மாறும்தான், ஆனா ஒரு செ.மீ. வித்தியாசத்துக்கு இவ்ளோ இடைவெளியான்னு இருக்கும். குறைன்னா, ரொம்பச் சின்னப் புள்ளிங்க எக்ஸ்ரேல தப்பிச்சிடும், சிடி ஸ்கேன் எடுத்தா மாட்டும்.

கிரேடுக்கு வெட்டி எடுத்த கட்டியே லேபுக்குப் போகணும், ஊசி போட்டு உறிஞ்சின செல்லு பத்தாது. செல்லு குழாய் மாதிரி சேருதா, உட்கரு எவ்ளோ கோணலா இருக்கு, எவ்ளோ வேகமா பிரியுதுன்னு பாத்து 1லேர்ந்து 3 வரைக்கும் போடுவாங்க. ரத்தக்குழாய், நிணநீர்க்குழாய்க்குள்ள செல்லு நுழைஞ்சிருக்கான்னும் சேத்துப் பாக்குற புது முறை பூனைக்குன்னே வந்தது, அதுதான் எனக்கு உருப்படியா தெரியுது, ஏன்னா கட்டி சின்னதுதானேன்னு நாம நிம்மதியா இருக்குறப்போ உள்ள நடக்குறத அதுதான் காட்டிக் குடுக்கும்.

என்னைக் கேட்டா, ஆபரேஷன் பண்றதா வேணாமாங்குறதுக்கு ஸ்டேஜ்தான். ஸ்டேஜ் 4ன்னா கிரேடு என்னவா இருந்து என்ன பண்ண. 1, 2ல இருக்குற பூனைக்குத்தான் கிரேடு உதவும், டாக்ஸோரூபிசின் மாதிரி கீமோ யோசிக்கணுமா, எத்தனை நாளைக்கு ஒருதடவ செக்கப்புன்னு அதுலதான் தெரியும்.

ஆனா ஒண்ணு, பூனையோட மார்புக் கட்டில 80 சதவீதத்துக்கு மேல கேன்சர்தான்னாலும், சின்ன வயசுப் பூனைக்குத் திடீர்னு எல்லா மடியும் வீங்கினா அது புரோஜெஸ்டிரோன்ங்குற ஹார்மோனால வர்ற சாதா வீக்கமா இருக்கலாம், அத உறுதி பண்ணாம இந்த ரெண்டு கணக்கையும் ஆரம்பிக்கவே வேணாம். அப்புறம் கட்டிய லேபுக்கு அனுப்பும்போது பக்கத்து நிணநீர் முடிச்சையும் சேத்து அனுப்பச் சொல்லுங்க, அது இல்லன்னா ஸ்டேஜும் அரைகுறைதான்.