மீன்தொட்டிக்கு ஆர்.ஓ. வாங்கப் போகிறீர்களா? நான் ஏமாந்த கதை

மேடவாக்கத்தில் எங்கள் வீட்டு போர் தண்ணீரின் டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 1,180. கப்பி, மோலி என்றால் இந்த உப்பிலும் சமாளிக்கும். நான் வளர்ப்பது டிஸ்கஸ், உப்பு குறைந்த மென்நீரில் வாழும் அமேசான் மீன். ஜோடி சேர்ந்து முட்டை வைக்கும். மூன்றே நாளில் எல்லாம் வெள்ளையாகிக் கெட்டுவிடும். சரி, உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. மெஷின் போட்டுவிடலாம் என்று ஒரு விற்பனையாளரை அழைத்தேன். மீனுக்குத்தான் என்று இரண்டு முறை சொன்னேன்.

வந்தவர் முதலில் வித்தை காட்டினார். ஒரு டம்ளரில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். எங்கள் தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு மாறியது. "இந்த விஷத்துலயா சார் மீன் வளக்குறீங்க?" வீட்டில் எல்லோரும் மிரண்டுவிட்டார்கள். உண்மையில் அது கம்பியின் துரு. உப்பு இருந்தால் தண்ணீரில் மின்சாரம் பாயும், இரும்பு கரையும், அவ்வளவுதான். அவருடைய டம்ளரிலும் ஒரு சிட்டிகை உப்பு போட்டிருந்தால் அதே நிறம் வந்திருக்கும். இதெல்லாம் 14,500 ரூபாய் கொடுத்த பிறகு வந்த ஞானம்.

மாட்டிய பின் என் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்தால் 310. மெஷினுக்குள் உப்பை வடிகட்டும் சவ்வுதான் மெம்பரேன்; நல்லதாக இருந்தால் 90 சதவீதத்துக்கு மேல் உப்பை நிறுத்தும்; எனக்கு 100-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். கேட்டதற்கு, "போர் தண்ணி மோசம் சார், மெம்பரேன் அடிவாங்கிடுச்சு" என்றார். மூன்றே வாரத்தில்! புது மெம்பரேன் என்று 2,800 வாங்கிக்கொண்டு போனார். மறுபடியும் 300.

கொளத்தூரில் மீன் விற்கும் அண்ணன் ஒருவரிடம் புலம்பினேன். "அது குடிக்கிற மெஷின் தம்பி. உள்ள டி.டி.எஸ். ஸ்க்ரூ இருக்கும், அதை மூடு" என்றார். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வடிகட்டிய தண்ணீரில் உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் சின்ன வால்வு, பாதி திறந்திருந்தது. போதாததற்கு, தாது உப்பு சேர்க்கும் ஒரு மினரல் கார்ட்ரிட்ஜ் வேறு. வால்வை மூடி, கார்ட்ரிட்ஜைக் கழற்றினேன். 85.

வாங்குபவர்கள் இந்த இரண்டும் இல்லாத மெஷினாகக் கேளுங்கள். உங்கள் மீட்டரை நீங்களே முக்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போவதையும் யாரும் சொல்ல மாட்டார்கள்; எங்கள் வீட்டில் அது தரை துடைக்கப் போகிறது.

விற்றவருக்குப் போன் செய்தேன். "ருசிக்காக வச்சது சார்" என்றார். டிஸ்கஸுக்கு ருசி! 2,800 பற்றிக் கேட்டதும் லைன் கட்.