நெஸ்ட்லே–ஆலண்ட் 28ஆம் பதிப்பு: ஏழாண்டுப் பழக்கத்துக்குப் பின்

காரைக்குடியில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், 2012இல் வெளிவந்த நெஸ்ட்லே–ஆலண்ட் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 28ஆம் பதிப்பை ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். சங்க நூல்களின் அடிக்குறிப்பில் பாடபேதம் (ஒரே இடத்தில் சுவடிக்குச் சுவடி மாறும் சொல்) பார்த்துப் பழகியவனுக்கு இதன் அமைப்பு புதிதன்று; கிரேக்க எழுத்துக்குத்தான் ஓராண்டு பிடித்தது.

நான் அதிகம் படிப்பது ஒவ்வொரு பக்கத்தின் அடிப்பகுதியைத்தான். எந்தச் சுவடி எந்தப் பாடத்தைத் தருகிறது என்பது அங்கே சிறு குறிகளாக நெருக்கி அச்சிடப்பட்டிருக்கும். 'ஆலெஃப்' என்ற எபிரேய எழுத்து சீனாய்ச் சுவடியையும், 'பி' என்பது வத்திக்கான் சுவடியையும் குறிக்கும். இரண்டும் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. குறிகள் மனத்தில் பதியும்வரை அவற்றை ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டே படித்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை இன்றும் விடவில்லை.

மாற்கு 1:2ஐ எடுத்துக்கொள்வோம். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 'தீர்க்கதரிசன ஆகமங்களில் எழுதியிருக்கிறபிரகாரமாய்' என்றிருக்கும். இப்பதிப்பின் பாடமோ 'ஏசாயா தீர்க்கதரிசியில்' என்பது. அங்கே முதலில் வரும் மேற்கோள் மல்கியா என்ற வேறொரு தீர்க்கதரிசியினுடையது ஆகையால், 'ஏசாயா' என்று கண்ட படியெடுப்பாளர் அதைப் பிழையென்று எண்ணிப் பொதுச்சொல்லாகத் திருத்தியிருக்கலாம். 'ஆகமங்கள்' என்றிருந்ததை ஒருவர் வலிந்து 'ஏசாயா' என்று மாற்றக் காரணம் காண்பது கடினம். முற்பட்ட சுவடிகளும் ஏசாயாவையே தருகின்றன. எளிய பாடத்தினும் இடறும் பாடமே மூலமாக இருக்கக்கூடும் என்ற இந்த நெறி, ஏட்டுச்சுவடியோடு மல்லுக்கட்டிய எவருக்கும் கைவந்ததுதான்.

மாற்கு 16:9–20, யோவான் 7:53–8:11 ஆகிய பகுதிகள் பிற்சேர்க்கை என்பதைக் குறிக்கும் இரட்டைச் சதுர அடைப்புக்குள் உள்ளன. மேற்சொன்ன இரு சுவடிகளிலும் இவை இல்லை. 1 யோவான் 5:7இல் பரலோகத்துச் சாட்சிகள் மூவரைக் கூறும் தொடர் இப்பதிப்பின் மூலபாடத்திலேயே சேர்க்கப்படவில்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் பதிப்பித்த அறிஞர் எராஸ்மஸ், 1516, 1519ஆம் ஆண்டுப் பதிப்புகளில் அதை விட்டுவிட்டு 1522இல் சேர்த்தார். அந்த வழியில் வந்த பாடமே நம் பழைய மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது. இதை நான் சொல்லக் கேட்ட சபை நண்பர் ஒருவர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு வந்து நூலை இரவல் கேட்டார்.

பொது நிருபங்களில் (யாக்கோபு முதல் யூதா வரையுள்ள கடிதங்களில்) மட்டும் முந்தைய பதிப்பிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் மூலபாடம் மாறியிருக்கிறது. யூதா 5ஆம் வசனத்தில் 'கர்த்தர்' இருந்த இடத்தில் 'இயேசு' வந்ததை ஏற்க எனக்குச் சில காலம் ஆயிற்று. இன்னமும் முழு நிறைவில்லை. ஆயினும் எதிர்ப்பாடத்துக்கான சான்றுகளும் அதே பக்கத்தில் இருப்பதால், பதிப்பாசிரியரோடு கருத்து மாறுபட அவரே வழி தந்திருக்கிறார்.

சுவடிகளில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதை மட்டுமே இந்நூல் ஆராய்கிறது. எழுதப்பட்ட நிகழ்ச்சி நடந்ததா என்று இதனிடம் கேட்பது பயனற்றது. பழைய ஏற்பாட்டுக்கு வேறு பதிப்பு வேண்டும்.

தாள் மிக மெல்லியது. ஐப்பசி மழையில் வளவில் (வீட்டு முற்றத்தில்) வைத்து மறந்தது என் தவறு. கலாத்தியர் பக்கங்கள் இன்றும் அலையலையாக நிற்கின்றன. கிரேக்கம் அறியாதவர்கள் வாங்குமுன், 2009 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சீனாய்ச் சுவடியின் படங்களில் மாற்குவின் கடைசிப் பத்தியை (பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் நெடுவரிசையை)ப் பார்க்கலாம்: 16:8 முடிந்ததும் அந்தப் பத்தியின் எஞ்சிய பகுதி வெறுமையாக இருக்கும்.