எந்தப் புத்தகத்தை வாங்கலாம்? யார் பேச்சைக் கேட்கலாம்?

ஒரு புத்தகம் நன்றாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதைக் காசு கொடுத்து வாங்கலாமா என்பது வேறு கேள்வி. ஒரே மூச்சில் படித்து முடித்து, அப்புறம் தொடவே தொடாத நல்ல நாவல்கள் ஏராளம். அவற்றை நூலகத்தில் எடுத்துப் படித்தாலே போதும். இன்னொரு முறை புரட்டுவேன் என்று தோன்றுவதைத்தான் நான் வாங்குவேன். நமக்கு வழிகாட்ட வருகிறவர்களை இந்த அளவுகோலோடு பார்த்தால் பாதிப்பேர் தேறமாட்டார்கள்.

முதலில் விற்பனைப் பட்டியல். நியூயார்க் டைம்ஸ் தன் பட்டியலை 1931இல் தொடங்கியது. இன்றும் பல அட்டைகளில் அதைப் பெருமையாக அச்சிடுகிறார்கள். எது விற்கிறது என்பதை அது சொல்லும். வாங்கியவர்கள் படித்தார்களா என்று அதற்குத் தெரியாது. மொத்தக் கொள்முதலால் விற்பனை கூடியதாகத் தகவல் வந்தால், அந்தப் பட்டியலே புத்தகத்தின் பெயருக்குப் பக்கத்தில் குத்துவாள் வடிவில் ஒரு சின்னக் குறி போடுகிறது. அட்டையில் மட்டும் அந்தக் குறி வராது!

விருதுகள் பரவாயில்லை. ஆனால் எந்த விருது என்று பார்க்க வேண்டும். இலக்கிய நோபல் பொதுவாக எழுத்தாளரின் மொத்தப் படைப்புக்காகத் தரப்படுவது. அவருடைய எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று அது சொல்வதில்லை. புக்கர் ஒரு தனிப் புத்தகத்துக்குத் தரப்படுவது. சர்வதேச புக்கரோ 2016 முதல் மொழிபெயர்ப்பில் வந்த ஒரு புத்தகத்துக்குப் போகிறது, பரிசுப் பணம் ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி. வாங்குகிறவருக்கு நோபலைவிட இந்த இரண்டும்தான் கூடுதல் உதவி.

இணையத்தில் வாசகர்கள் போடும் நட்சத்திரங்களின் சராசரியை நான் பார்ப்பதே இல்லை. ஐந்து போட்டவர் ரசிகர், ஒன்று போட்டவர் கோபக்காரர். மூன்று போட்டவர் எழுதியதைப் படியுங்கள். பிடித்தது எது, இடித்தது எது என்று அவர்தான் பிரித்துச் சொல்வார். "இழுத்துக்கொண்டே போகிறது, ஊர் வர்ணனை அதிகம்" என்று அவர் குறைப்பட்டால் எனக்கு அது சிபாரிசு. உங்களுக்கு எச்சரிக்கையாக இருக்கலாம்.

நம்மோடு ரசனை ஒத்துப்போகிற ஒரு நண்பர் ஆயிரம் நட்சத்திரங்களுக்குச் சமம், கதை, கவிதை விஷயத்தில். வரலாறு, அறிவியல் என்று வந்தால் அவரையும் கொஞ்சம் ஒதுக்கிவைப்பேன். சுவையாக எழுதப்பட்ட தப்பான புத்தகங்கள் நிறைய உண்டு.

கடைசியில் நம்பத் தகுந்தது நம் கண்தான். 69ஆம் பக்கத்தைத் திறந்து படித்துப் பார்த்து முடிவெடுங்கள் என்ற யோசனை ஊடகச் சிந்தனையாளர் மார்ஷல் மெக்லூகன் பெயரில் வழங்குகிறது. ஆங்கில நாவலாசிரியர் ஃபோர்டு மேடக்ஸ் ஃபோர்டு பெயரில் சொல்லப்படுவது 99ஆம் பக்கம். எண் எதுவானாலும் காரணம் ஒன்றுதான். முதல் அத்தியாயத்தை எல்லோரும் இழைத்து இழைத்து எழுதுவார்கள், நடுப்பக்கத்தில்தான் சாயம் வெளுக்கும். மொழிபெயர்ப்பு என்றால் உரையாடல் வரும் பக்கமாகப் பார்த்துப் படியுங்கள். மனிதர்கள் பேசுவதுபோல் இல்லையென்றால் கீழே வைத்துவிடலாம். கட்டுரை நூலில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பின்பக்கச் சொல்லடைவுக்குப் போய், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சங்கதியைத் தேடுங்கள். தெரிந்த இடத்திலேயே ஆசிரியர் வழுக்கினால் தெரியாத இடத்தில் எப்படி நம்புவது? சொல்லடைவும் சான்றுக் குறிப்பும் இல்லாத தடிமனான வரலாற்று நூல் என்றால் எனக்கு எப்போதுமே சந்தேகம்தான். கணினி, மருத்துவம், சட்டம் போன்றவற்றில் பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்; புதிய ஆண்டு போட்டிருந்தாலும் அது வெறும் மறு அச்சாக இருக்கலாம். "திருத்திய பதிப்பு" என்று இருக்கிறதா பாருங்கள்.

அதற்கும் மேலே சோதிக்க நூலகம் இருக்கிறது. நான்சி பேர்ல் என்ற நூலகர் சொன்ன கணக்கு: 50 பக்கம் படியுங்கள், பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், வயது 50ஐத் தாண்டியவர்கள் 100இல் இருந்து வயதைக் கழித்துக்கொள்ளலாம். 60 வயதுக்காரருக்கு 40 பக்கம் போதும். இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தரும்போது மனசு வரவில்லையென்றால், அதை வாங்கிவிடலாம்.

சரி, வாங்குவது என்று முடிவான பிறகு அச்சா, மின்நூலா? ஒரு முறை படிக்கும் நாவலுக்கு மின்நூல் தாராளமாகப் போதும். தேடும் வசதி இருப்பதால் அகராதிக்கும் அதுவே மேல். வைத்துப் படிக்கப்போகும் புத்தகத்துக்கு மட்டும் நான் அச்சின் பக்கம். பெரிய கடைகளில் மின்நூல் வாங்கும்போது பெரும்பாலும் கிடைப்பது படிக்கும் உரிமம்தான். 2009இல் அமேசான் உரிமைச் சிக்கலால் ஆர்வெல்லின் '1984' நாவலின் ஒரு பதிப்பை வாங்கியவர்களின் கிண்டில் மின்நூல் கருவிகளில் இருந்தே நீக்கியது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்களும் போயின. இரண்டு நிறுவனங்களும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புகளோடு ஒரு புத்தகம் போய்விட்டால், அதே பணத்தில் இன்னொரு பிரதிதான் கிடைக்கும்.