கட்டத்தின் நிறம் யார் கையில்? டிரா.ஐஓ, எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட், பிளான்ட்யுஎம்எல்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் பகலெல்லாம் மென்பொருள் வரைபடம் போடுவது என் பிழைப்பு. தைப்பூசம் நெருங்கினால் ராத்திரியிலும் அதே வேலைதான். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் எங்கள் ஆட்கள் போடும் தண்ணீர்ப்பந்தலில் யார் மோர் கலக்குவது, ஐஸ் எத்தனை மணிக்கு வரும், குப்பைப் பை யார் பொறுப்பு என்று ஒரு படம் வரைந்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே எரிச்சல்: புதுக் கட்டம் ஒன்றை இழுத்துப் போட்டால் மென்பொருள் தனக்குப் பிடித்த நிறத்தில், தனக்குப் பிடித்த எழுத்தில்தான் தருகிறது. இந்த டிஃபால்ட் தோற்றத்தை மாற்ற எல்லா மென்பொருளிலும் வழி இருக்கிறது. நான் பார்ப்பது இரண்டே விஷயம். மாற்றியது எங்கே போய்ச் சேமிப்பாகிறது? ஏற்கெனவே வரைந்த கட்டங்களுக்கும் அது போய்ச் சேருமா, இனி வருபவற்றுக்கு மட்டும்தானா?

பிரவுசரிலேயே கட்டங்களை இழுத்துப் போட்டு வரையும் டிரா.ஐஓவில் தொடங்குவது சுலபம். ஒரு கட்டத்தை நமக்குப் பிடித்தபடி அமைத்து, அதைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-டி அழுத்தினால் போதும். அதற்கப்புறம் வரும் கட்டமெல்லாம் அதே அலங்காரத்தோடு வரும். கோட்டுக்கும் அப்படியே, தனியாக ஒரு தடவை. வேண்டாமென்றால் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஆர். ஆனால் இது அப்போதைக்கு மட்டும். பக்கத்தை மூடித் திறந்தால் பழைய வெள்ளைக் கட்டம் திரும்பி வந்துவிடும். நிலையாக வேண்டுமென்றால் எக்ஸ்ட்ராஸ் பட்டியலில் கான்ஃபிகரேஷனைத் திறந்து, கட்டத்துக்கு ஒன்று, கோட்டுக்கு ஒன்று என்று ஜேசன் என்ற உரை வடிவில் எழுதி வைக்கலாம். அதுவும் உங்கள் பிரவுசருக்குள்தான் இருக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் தன் மடிக்கணினியில் அதே கோப்பைத் திறந்து புதுக் கட்டம் போட்டால், அவருக்கு வெள்ளைதான்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். டிரா.ஐஓவின் சாதாரணச் செவ்வகம் 120-க்கு 60 அளவு. 'ஆர்டர்' என்று எழுத அது தாராளம். 'ஒருங்கிணைப்பாளர்' என்று கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதிப் பாருங்கள், வார்த்தை இரண்டு பக்கமும் சுவரைத் தாண்டி நிற்கும். இடைவெளி இருந்தால்தான் அடுத்த வரிக்கு மடங்கும், ஒற்றைச் சொல்லை மடக்காது. டிஃபால்ட்டில் அளவையும் சேர்த்து வைக்கலாமே என்று நினைத்தால், அது நடக்காது. டிஃபால்ட் என்பது நிறம், எழுத்து, கோட்டின் தடிமன் போன்றவை மட்டுமே. அகலமும் உயரமும் அந்தக் கணக்கில் வராது. அளவோடு சேர்த்து வைக்க ஒரே வழி, தயார் செய்த கட்டத்தை ஒரு லைப்ரரியில் போட்டு வைப்பது. லைப்ரரி என்பது நம் சொந்தக் கட்டங்களின் தொகுப்பு, தனியாக ஒரு கோப்பு. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், அண்ணனும் திறக்கலாம்.

மென்பொருள் வடிவமைப்புக் குழுக்கள் பயன்படுத்தும் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்டின் உலகமே வேறு. அதில் நீங்கள் வரைவது படம் மட்டுமல்ல, மாடல், அதாவது பொருள்களும் அவற்றின் தொடர்புகளும் அடங்கிய ஒரு பொதுத் தொகுப்பு. ஒரு பொருள் மாடலில் ஒன்றுதான் இருக்கும், பத்துப் படங்களில் தலைகாட்டும். அதனால் நிறம் மாற்றவும் இரண்டு வழி. படத்தின் மேலிருக்கும் ஃபார்மட் பட்டையில் மாற்றினால் அந்தப் படத்தில் மட்டும் மாறும். எஃப்4 அழுத்தி மாற்றினால் அது பொருளின் டிஃபால்ட் தோற்றம்; பொருள் எங்கெல்லாம் இருக்கிறதோ, தனி நிறம் கொடுக்காத படங்களிலெல்லாம் மாறும். இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒருமுறை, நீக்கப்போகும் ஒரு பகுதிக்கு அடையாளமாக எஃப்4 மூலம் சிவப்புப் பூசிவிட்டேன். என் படத்துக்குத்தான் என்று நினைப்பு. மறுநாள் காலை இன்னொரு குழுவிலிருந்து ஆள் வந்து, "எங்க படத்துல யாருய்யா சிவப்படிச்சது?" என்று கேட்டார். நான் காப்பி எடுக்கப் போய்விட்டேன்.

அதைவிட நுட்பமான கண்ணி ஒன்று உண்டு. நிறமே கொடுக்காத பொருள்கள், பார்ப்பவரின் சொந்த பிரிஃபரன்ஸ் அமைப்பில் இருக்கும் நிறத்தை எடுத்துக்கொள்ளும். அந்த அமைப்பு அவரவர் கணினியில் இருக்கிறது. ஆக ஒரே படம் என் திரையில் ஒரு நிறம், உங்கள் திரையில் வேறு நிறம். கூட்டத்தில் "அந்த மஞ்சள் பெட்டி" என்று நான் சொன்னால் பாதிப் பேர் முழிப்பார்கள். குழுவாக வேலை செய்தால் இந்த பிரிஃபரன்ஸை நம்ப வேண்டாம் என்பேன். ஸ்டீரியோடைப்புக்கு, அதாவது பொருள் என்ன வகை என்று சொல்லும் முத்திரைக்கு, நிறம் கொடுப்பதுதான் சரியான வழி. 'வெளி அமைப்பு' என்று ஒரு ஸ்டீரியோடைப் உருவாக்கி, அதற்கு ஒரு பின்னணி நிறம் வைத்துவிட்டால், அந்த முத்திரை தாங்கிய எல்லாமே, தனி நிறம் பூசாதவரை, அதே நிறத்தில் தெரியும். அது மாடலோடு போவதால் எல்லார் திரையிலும் ஒன்றுபோல இருக்கும். டெம்ப்ளேட் பேக்கேஜ் என்று இன்னொரு வசதியும் இருக்கிறது. மாதிரிப் பொருள்களை அதில் வைத்தால் புதிதாக உருவாக்குபவை அவற்றின் சாயலில் பிறக்கும். பழையவை அப்படியே இருக்கும்.

பிளான்ட்யுஎம்எல்லில் இழுத்துப் போடும் வேலையே இல்லை. எழுதினால் படம் வரும். நிறம், எழுத்து, கோடு எல்லாவற்றையும் ஸ்கின்பாரம் என்ற தோற்றக் கட்டளை வரிகளாகவோ, இப்போதைய ஸ்டைல் பகுதியாகவோ தனிக் கோப்பில் எழுதி, ஒவ்வொரு படத்தின் தலையிலும் அந்தக் கோப்பை இழுத்துவரும் இன்க்ளூட் கட்டளை போட்டால் முடிந்தது. அந்த ஒரு கோப்பைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினால் இருநூறு படமும் புதுச்சட்டை போட்டுக்கொள்ளும். பழசு, புதுசு என்ற பேச்சே இல்லை. கட்டமும் எழுத்துக்கு ஏற்ப விரியும், ஒருங்கிணைப்பாளர் சௌகரியமாக உட்காருவார்.

எழுத்துருவில் மட்டும் கவனம் வேண்டும். படத்தை உருவாக்கும் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் பிஎன்ஜி படத்தில் வெறும் சதுரங்கள்தான் வரும். எழுத்தை எழுத்தாகவே வைக்கும் எஸ்விஜி வடிவில் எடுத்தால் எழுத்து பார்ப்பவரின் கணினியிலிருந்து வரும், ஆனால் அகலம் சர்வரில் கணக்கிட்டது. இரண்டும் பொருந்தாதபோது எழுத்துகள் பல் விழுந்த வாய்போல இடைவெளி விட்டு நிற்கும்.

மற்றதில் மைக்ரோசாஃப்டின் விசியோ ஒன்று சொல்லத்தக்கது: கோப்புக்குள் இருக்கும் டாக்குமென்ட் ஸ்டென்சில் என்ற மூல உருவப் பட்டியலில் ஓர் உருவத்தைத் திருத்தினால், அந்தக் கோப்பில் அதிலிருந்து வந்த எல்லாமே மாறும். மெர்மெய்டும் பிளான்ட்யுஎம்எல் போல எழுதினால் படம் தருவது; அதில் தீம் பல இருந்தாலும் உள்ளே கை வைத்து மாற்ற விடுவது 'பேஸ்' ஒன்றுதான். நிறத்தையும் பெயர் சொல்லிக் கொடுக்க முடியாது, '#ff0000' போன்ற ஹெக்ஸ் எண்ணில்தான் எழுத வேண்டும்.

என்னைக் கேட்டால், அலுவலக மாடலுக்கு ஸ்டீரியோடைப், நிரலோடு சேர்ந்து வாழும் படங்களுக்கு பிளான்ட்யுஎம்எல். பந்தலுக்கு டிரா.ஐஓவும் ஒரு லைப்ரரிக் கோப்பும். பந்தலில் யாருக்கும் நான் இன்க்ளூட் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை.

அதற்கும் ஒரு விலை இருக்கிறது. படத்தை அனுப்பிய பத்தாவது நிமிடம் பந்தல் பொறுப்பாளர் அக்காவின் குரல் செய்தி: "தம்பி, மோருக்கு ஏன் நீலம் போட்டிருக்க? நீலம் தண்ணிக்குதானே!" லைப்ரரியில் நிறத்தை மாற்றினேன். படத்தில் ஏற்கெனவே இருந்த பதினொரு மோர்க் கட்டமும் நீலமாகவே இருந்தன. ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து முடித்து அனுப்பியபோது அக்கா தூங்கியிருந்தார்.