கத்தாரியர்: ஒரே ஆவணக் கட்டு, இரண்டு வாசிப்புகள்

துலூஸ், ஆல்பி, கார்க்கசோன். தென் பிரான்சின் இந்த வட்டாரத்தில் 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபை பதிதர் (திருச்சபைக் கொள்கையிலிருந்து விலகியவர்) என்று முத்திரை குத்தி வேட்டையாடிய மக்கள் யார்? இந்தக் கேள்விக்கு இடைக்கால வரலாற்றாய்வில் இன்று இரண்டு கட்சிகள் இருக்கின்றன.

பழைய கட்சியின் பதில்: அவர்கள் கத்தாரியர் என்னும் தனிச் சபையினர். சொந்த ஆயர்கள் உண்டு, சொந்தச் சடங்குகள் உண்டு. ஆவியுலகைப் படைத்தது நல்ல கடவுள், கண்ணால் காணும் உலகைப் படைத்தது தீய சக்தி என்ற இருமைவாதம் உண்டு. பால்கன் பகுதியின் இருமைவாதக் குழுவான போகோமில்களோடு உறவும் உண்டு. அர்னோ போர்ஸ்ட், பெர்னார்ட் ஹாமில்டன், பீட்டர் பில்லர் ஆகியோர் இந்த வரிசை. புதிய கட்சியோ, அப்படியொரு சபையைத் துறவிகளும், பதிதரைத் தேடி விசாரித்த திருச்சபை விசாரணையாளர்களும் தாளில்தான் கட்டினார்கள் என்கிறது. ஊர்களில் இருந்தவர்கள் ‘நல்ல மனிதர்’ என்று மரியாதை பெற்ற உள்ளூர்ப் பெரியவர்கள், அவ்வளவே. மோனிக் செர்னர் 1998இல் பதிப்பித்த கட்டுரைத் தொகுப்பு, 2001இல் மார்க் பெக், 2012இல் ஆர். ஐ. மூர் என்று இந்த வாதம் வலுத்தது. 1977இல் மூரே பழைய சட்டகத்துக்குள் நின்று எழுதியவர்தான் என்பது வேடிக்கை.

‘கத்தாரியர் இருந்தார்களா, இல்லையா?’ என்று கேட்டால் இந்த விவாதம் உருப்படாது. 1209 ஜூலையில், பதிதருக்கு எதிரான சிலுவைப் போரில் பெசியே நகரம் சூறையாடப்பட்டதையும், 1244 மார்ச் 16 அன்று மோன்செகூர் கோட்டையின் அடிவாரத்தில் ஏறக்குறைய 200 பேர் எரிக்கப்பட்டதையும் எந்தக் கட்சியும் மறுக்கவில்லை. சண்டை மூன்று விஷயங்களில்: பெயர், அமைப்பு, கோட்பாடு. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் இரு பக்கமும் வழுக்குகிறது.

பெயரில் புதிய கட்சிக்குத்தான் வெற்றி. ‘கத்தாரி’ என்ற பெயரைப் பரப்பியவர் ரைன்லாந்துத் துறவி எக்பெர்ட். 1163 வாக்கில் கொலோன் வட்டாரத்துப் பதிதரைக் கண்டித்து அவர் மறையுரைகள் எழுதினார். விசாரணையாளர் பதிவு செய்த துலூஸ் வாக்குமூலங்களில் எழுத்தர் போடும் சொல் ‘பதிதர்’; மக்கள் வாயில் வருவது ‘நல்ல மனிதர்’, ‘நல்ல பெண்மணி’. 1179இல் கூடிய திருச்சபைப் பொதுச் சங்கமான மூன்றாம் லாத்தரன் சங்கம் இந்த வட்டாரத்தைக் குறிப்பிட்டு, சிலர் இவர்களைக் கத்தாரி என்றும் சிலர் பத்ரினி என்றும் அழைப்பதாகச் சொல்கிறது. பழைய கட்சி இதைக் காட்டும்; ஆனால் அதுவும் கத்தோலிக்க ஆயர்கள் இட்ட பெயர்தான். அதற்காக இந்த வெற்றியைப் பெரிதாக்க வேண்டாம். எதிரி வைத்த பெயர் என்பதாலேயே அந்தக் கூட்டம் இல்லை என்று ஆகிவிடாது.

அமைப்பில்தான் சிக்கல். பழைய கட்சியின் தூண், செயின்ட் பெலிக்ஸ் ஊரில் 1167இல் கூடியதாகச் சொல்லப்படும் சபைக்கூட்டத்தின் பதிவு. நிக்கேத்தா என்னும் கிழக்கத்தியத் தலைவர் வந்து ஆயர்களுக்குச் சடங்கு செய்து வைத்தார், துலூஸ், கார்க்கசோன் ஆயர் மண்டலங்களின் எல்லையும் வகுக்கப்பட்டது என்கிறது அது. மூலம் தொலைந்துவிட்டது. நம் கையில் இருப்பது கியோம் பெஸ் 1660இல் அச்சிட்ட பாடம். 1999இல் நீஸ் நகரில் கூடிய கருத்தரங்கு இந்த ஒரு பக்கத்தை வரி வரியாகப் பிரித்து மேய்ந்தது. பாரிஸ் ஏட்டியல் வல்லுநர்களின் முடிவு: இது 17ஆம் நூற்றாண்டுப் போலி அல்ல, இதன் இலத்தீன் இடைக்காலத்தது. இதைக் கேட்டதும் பழைய கட்சிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்; அவசரம் தேவையில்லை. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒருவர் எடுப்பித்த படி என்று பாடமே சொல்கிறது. தங்கள் மண்டல எல்லைக்குப் பழைமை காட்ட அன்றைய பதிதர்களே எழுதிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. ஆக, 1167க்கு இதைச் சாட்சியாக நிறுத்த முடியாது. ஆனால் 1220கள், 1230களில் இந்த மக்களுக்கு ஆயர் மண்டலம் என்ற எண்ணமும் எல்லை பற்றிய அக்கறையும் இருந்தன என்பதற்கு நல்ல சாட்சி.

அந்தக் காலத்துக்கு வேறு சான்றுகளும் துணை நிற்கின்றன. கில்லபேர் த காஸ்திரே, பெர்த்ரான் மார்த்தி என்று ஆயர்களைப் பெயர் சொல்லியே வாக்குமூலங்கள் குறிக்கின்றன. ஆயருக்குக் கீழே ‘மூத்த மகன்’, ‘இளைய மகன்’, திருத்தொண்டர் என்ற படிநிலையும் வருகிறது. 17 ஆண்டுகள் பதிதரோடு வாழ்ந்து, பின் தொமினிக்கன் துறவியான ராய்னேரியோ சக்கோனி 1250இல் 16 சபைகளைப் பட்டியலிடுகிறார். எல்லாம் சேர்ந்தும் முழு உறுப்பினர் 4,000 பேர் தேறமாட்டார்கள் என்கிறார். பதிதரைப் பூதாகரமாகக் காட்ட நினைப்பவர் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லமாட்டார் என்பதால் இதற்கு எடை கூடுகிறது. ஒரு எச்சரிக்கை: அவர் அறிந்தது வட இத்தாலியின் லொம்பார்தியை.

கோட்பாட்டில் புதிய கட்சி திணறுகிறது. எதிரிகள் எழுதாத நூல்களும் நம்மிடம் இருக்கின்றன. தொந்தேன் என்ற ஆய்வாளர் 1939இல் பதிப்பித்த ‘இரு மூலங்கள்’ என்ற இலத்தீன் நூல் இருமைவாதத்தை நேரடியாக வாதிடுகிறது. பிளாரன்ஸில் உள்ள அந்த ஏட்டிலேயே ஒரு சடங்கு நூலும் உண்டு. லியோனில், தென் பிரான்சின் ஆக்சிதான மொழியில், இன்னொரு சடங்கு நூல் உண்டு. ஆனால் பழைய கட்சி இவற்றைக் கலந்து கொட்டிவிடுகிறது. ‘இரு மூலங்கள்’ 1240களையொட்டிய இத்தாலிய நூல். தர்க்கம் பயின்றவரின் எழுத்து. அதைத் துலூஸை அடுத்த லொராகே வட்டாரத்து உழவரின் நம்பிக்கை என்று வைக்க முடியாது. லியோன் நூலில் கைவைத்துச் செய்யும் ஆவித் திருமுழுக்கும் கர்த்தர் கற்பித்த செபமும்தான் பெரிதும் பேசப்படுகின்றன. வெளிப்படையான இருமைவாதம் குறைவு. உண்மையில் வலுவான சான்று அதிகம் பேசப்படாத ஒன்று: 1220களில் பதிதரை எதிர்த்து எழுதிய தூரந் த ஹூயெஸ்கா என்பவர் மறுப்பதற்காகவே பத்தி பத்தியாக எடுத்தெழுதிய, இன்று தொலைந்துபோன பதித நூல். அது தென் பிரான்சைச் சேர்ந்தது. விசாரணை மன்றம் தொடங்குவதற்கு முந்தையது. விசாரணையாளரே கோட்பாட்டைப் புனைந்தார் என்ற வாதம் இங்கே நொண்டுகிறது.

இனி இரு கட்சியும் சண்டையிடும் களமான துலூஸ் 609ஆம் ஏடு. பெர்னார் த கோ, ஜான் த சென்பியேர் என்ற இரு தொமினிக்கன் துறவிகள் 1245–46இல் 5,471 பேரை விசாரித்த பதிவு இது. நமக்குக் கிடைத்திருப்பது 1260 வாக்கில் எடுத்த படி. இதை எடுத்தால் முதலில் வாய்ப்பாட்டை, அதாவது மாறாத சொற்றொடர்களை, கழிக்க வேண்டும். ஊர் ஊராக ஒரே சொல்லில் திரும்பி வருபவை கேள்வித்தாளின் நிழல்: பதிதரைப் பார்த்தாயா, வணங்கினாயா, உரை கேட்டாயா, உணவு கொடுத்தாயா. அடுத்து, விசாரித்த ஆண்டை விட்டுவிட்டு நிகழ்ச்சியின் ஆண்டைக் குறிக்க வேண்டும்; முப்பது நாற்பது ஆண்டுக்கு முந்தைய நினைவுகளும் கலந்திருக்கும். பேச்சு ஆக்சிதானம், எழுத்து இலத்தீன் என்பதும் மறக்கக்கூடாது. கழித்த பிறகு மிஞ்சுவதுதான் சரக்கு: யார் வீடு, என்ன உணவு, யாரோடு மனத்தாங்கல்.

பழைய கட்சி இங்கே செய்யும் பிழை, ‘வணங்கினேன்’ என்ற ஒவ்வொரு வரியையும் சபை உறுப்பினர் கணக்கில் சேர்ப்பது. மூன்று முறை பணிந்து ஆசி கேட்பதை அண்டை வீட்டுக்காரர் வெறும் மரியாதைக்கும் செய்திருப்பார் என்ற பெக்கின் வாதம் நியாயமானது. ஆனால் அதையே எல்லாவற்றுக்கும் நீட்டுவது புதிய கட்சியின் பிழை. கண்ணால் காண்பதைக் கடவுள் படைக்கவில்லை, அப்பம் கிறிஸ்துவின் உடல் அல்ல, திருமுழுக்கால் மீட்பு இல்லை என்ற ‘தப்பறைப் பட்டியல்’ (பிழைக் கொள்கைகளின் பட்டியல்) விசாரணையாளர் கொண்டுவந்ததுதான். ஆனாலும் ஒருவர் அதில் ஒன்றைக் கேட்டதுண்டு, மற்றதைக் கேட்டதில்லை என்று பிரித்துச் சொல்லும் இடத்தில் வாய்ப்பாடு உடைகிறது. அந்த இடங்களைத் தள்ளிவிட யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு பொறி: ஜாக் பூர்னியே ஆயரின் 1318–25 பதிவேடு. பிரெனீஸ் மலைப்பகுதியின் மோந்தயூ கிராமத்தை உலகறியச் செய்த இந்த ஏடு சுவையானது, விரிவானது. அதனாலேயே அதில் வரும் கோட்பாட்டை 1200க்கு இழுத்துப் பொருத்தும் ஆசை எழும். அந்த மலைநாட்டில் பதிதத்தை மீண்டும் ஊன்றிய பியேர் ஒத்தியே ஒரு பத்திர எழுத்தர். லொம்பார்தி போய்த் தங்கி, 1300 வாக்கில் திரும்பியவர், 1310இல் எரிக்கப்பட்டார். மோந்தயூக்காரர்கள் சொல்வதில் இத்தாலியில் பயின்ற பாடம் எவ்வளவு, தாத்தா காலத்து நம்பிக்கை எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

ஆகவே ஆண்டைப் பார்த்துக் கட்சியைத் தேர்ந்துகொள்ளலாம். 1200க்கு முன் தென் பிரான்சில் ஒழுங்கமைந்த இருமைவாதச் சபை இருந்தது என்று எழுதுபவரிடம் சான்று கேளுங்கள். பெரும்பாலும் செயின்ட் பெலிக்ஸைத்தான் நீட்டுவார். 1230க்குப் பின் சபையே இல்லை என்பவரிடம் சக்கோனியையும் ஆயர்களின் பெயர்களையும் நீட்டுங்கள். துன்புறுத்தலே இந்த மக்களைச் சபையாக இறுக்கியது என்ற நடுவழி எனக்குப் பிடித்தது. ஆனால் தூரந் எடுத்தெழுதிய நூல் விசாரணை மன்றத்துக்கு முந்தையது என்பதால், இறுக்கியது 1209இல் தொடங்கிய சிலுவைப் போர்தான் என்று காட்ட வேண்டும். அந்த வேலை இன்னும் முடியவில்லை.