பழைய டேர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு: கழற்றிய எக்ஸோஸ்டை கண்மறைவாகக் கொண்டுபோக விடாதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய டேர்போ கார் வைத்திருக்கிற எல்லாரும் இதை ஒருமுறை வாசியுங்கள். வீட்டுக்கே வந்து எக்ஸோஸ்ட் கழற்றிப் பூட்டித் தருகிறேன் என்று சொன்ன ஒருவர், என் காரின் கட்டலிட்டிக் கன்வேர்ட்டரை, அதாவது எக்ஸோஸ்ட் குழாயில் புகையின் நச்சைக் குறைக்கிற பெட்டியை, வெட்டித் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டு, வெறும் கூட்டை வெல்டிங் பண்ணித் திரும்பப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதை நான் கண்டுபிடிக்க ஆறு கிழமை ஆகிவிட்டது. அவர் பெயரையும் ஊரையும் இங்கே போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். அவர் செய்த விதத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

கார் 1991 டொயோட்டா ஸ்டார்லெட் ஈபி 82 ஜீடி டேர்போ. டேர்போ என்றால் எக்ஸோஸ்ட் புகையின் வேகத்தால் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றுகிற சக்கரம். 1331 சீசீ எஞ்சின்தான், ஆனால் 135 குதிரைவலு. காரின் எடை 800 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பொனட்டில் காற்று வாங்குகிற மூக்கும், டாஷ்போர்டில் டேர்போ அழுத்தத்தைக் குறைத்துக் கூட்டுகிற சுவிட்சும் பார்த்தவர்களுக்கு மறக்காது. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 வரைக்கும் இழுத்ததில், இந்த மாதிரிப் பழைய கார்களுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. ஒரு ஒரிஜினல் சாமான் போனால் போனதுதான். அதனால்தான் எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல்.

பிரச்சினை சின்னதாகத்தான் தொடங்கியது. காலையில் குளிர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு டிக் டிக் சத்தம். சூடாக ஆக அது அடங்கிவிடும். எஞ்சினில் இருந்து புகையைச் சேர்த்து வெளியே எடுக்கிற இரும்புக் குழாய்த் தொகுதிதான் எக்ஸோஸ்ட் மெனிஃபோல்ட்; அதற்கும் எஞ்சினுக்கும் இடையில் இருக்கிற கெஸ்கட் விட்டால் வருகிற சத்தம் அது. இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை மூடுவதால் சத்தம் நின்றுபோகும். கெஸ்கட் மாற்ற வேண்டும் என்றால் டேர்போவில் இருந்து இறங்குகிற குழாய், அதோடு வருகிற கன்வேர்ட்டர், டேர்போவின் ஒயில் லைன், தண்ணி லைன் எல்லாம் கழன்றாக வேண்டும்.

எங்கள் வீடு நாவற்குடாவில். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. இங்கே காருக்கு அடியில் இருக்கிற எந்த நட்டும் சும்மா கழலாது. உப்புக் காற்றும் எக்ஸோஸ்ட் சூடும் சேர்ந்து நட்டையும், அது பூட்டுகிற தலையில்லாத திருகாணியான ஸ்டட்டையும் ஒரே இரும்பாக்கிவிடும். அதற்குப் பயந்துதான் நானே தொடாமல் ஆள் தேடினேன். தெரிந்த ஒருவர் சொல்லி இவர் வந்தார். வந்தவுடனே குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்டும் யோசிக்காதீங்க தம்பி, ரெண்டு மணித்தியால வேலை" என்றார். இந்த ஊரில் முப்பது வருசக் காரின் எக்ஸோஸ்டைப் பார்த்து இரண்டு மணித்தியாலம் என்று சொல்கிறவரை அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

எங்கள் வளவு முழுக்க மணல். அவர் மணலில் ஜக்கை வைத்து உயர்த்தி, அடியில் இரண்டு சீமெந்துக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே போனார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. உள்ளே பொள்ளாக இருக்கிற அந்தக் கல் எந்த நேரமும் வெடித்து உதிரும். "அண்ணன், ஸ்டாண்ட் இல்லையா?" என்று கேட்டதற்கு, "இருவது வருசமா இப்பிடித்தான் தம்பி" என்றார். நான் பலகை கொண்டுவந்து ஜக்குக்கு அடியில் வைத்தேன்.

நட்டுக்கு மருந்து அடிக்கவும் இல்லை, சூடு காட்டவும் இல்லை. நேரே சொக்கெட்டைப் போட்டு நீளக் குழாய் மாட்டி இழுக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில், "தம்பி, காத்தான்குடிக்குப் போய் கெஸ்கட் பேப்பரும் ஒரு சிலிக்கோன் டியூபும் வாங்கிட்டு வாங்க" என்று என்னை அனுப்பினார். மெனிஃபோல்டுக்கு எதற்குச் சிலிக்கோன் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. திரும்பி வந்தபோது அம்மா வாசலில் நின்றா. "மகன், ரெண்டு தரம் டொக் எண்டு சத்தம் கேட்டது, என்னெண்டு கேளு" என்றா. கேட்டேன். "அது துரு விட்ட சத்தம் தம்பி" என்றார்.

பிறகுதான் கன்வேர்ட்டரைக் கையில் எடுத்துக் காட்டினார். வாயில் கரி படிந்திருந்தது. "இது அடைச்சுப் போச்சு, டேர்போ மூச்சு விட ஏலாமக் கிடக்கு. மருந்துத் தண்ணியில ஊறப் போட்டுச் சுத்தம் செய்து தாறன், பத்தாயிரம் குடுங்க" என்றார். கழற்றிப் பூட்ட ஏற்கெனவே பதினைந்தாயிரம் பேசியிருந்தது. சரி என்றேன். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த நாள் மத்தியானம் வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து, "பாருங்க, புதுசு மாதிரி" என்று பூட்டினார். இருபத்தைந்தாயிரமும் கொடுத்தேன். பில் கேட்கவில்லை.

முதல் ஒரு கிழமை கார் நன்றாக இழுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சத்தம் கூடியிருந்தது. சுத்தம் செய்ததன் பலன் என்றே நினைத்தேன். பிறகு ஒருநாள் ஆரையம்பதி தாண்டிக் கல்முனை வீதியில் ஹை அழுத்தத்தில் வைத்து மிதித்தபோது, யாரோ பின்னால் பிடித்து இழுத்த மாதிரிக் கார் வெட்டி வெட்டி நின்றது. எக்ஸோஸ்டில் இருக்கவேண்டிய தடை திடீரென்று இல்லாமல் போனால், டேர்போவின் அழுத்தம் கட்டுப்பாட்டை மீறி ஏறும். அளவுக்கு மேலே ஏறியதும் எஞ்சினைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் பெற்றோலை நிறுத்திவிடும். அந்த வெட்டல் அதுதான்.

அதற்குப் பிறகு வாகன வரி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போனேன். கார்பன் மொனொக்சைட் அளவு கூடி, கார் தேறவில்லை. பக்கத்தில் நின்றாலே கண் எரிந்தது, பச்சைப் பெற்றோல் மணம். வீட்டுக்கு வந்து அன்றைக்கே காரை உயர்த்தினேன், இந்த முறை கடன் வாங்கிய இரண்டு நல்ல ஸ்டாண்டில். அக்காவின் மகன் டோர்ச் பிடித்தான்.

மேலே ஹீட் ஷீல்டைக் கழற்றினால், மெனிஃபோல்டின் ஒரு மூலையில் கருகிச் சுருண்ட சிவப்புச் சிலிக்கோன். அதில் ஒரு நட் இருந்தது. விரல் பட்டதும் கையோடு வந்துவிட்டது. உள்ளே ஸ்டட் இல்லை, எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டோடு மட்டமாக முறிந்து கிடந்தது. முறிந்த இடத்தை மறைக்க நட்டைச் சிலிக்கோனால் ஒட்டி வைத்திருக்கிறார். பக்கத்து ஸ்டட்டும் அதே கதை. அம்மாவுக்குக் கேட்ட டொக் இரண்டும் இதுதான். எரிகிற எஞ்சினின் மெனிஃபோல்ட் சூட்டுக்குச் சிலிக்கோன் எந்த மூலைக்கு? இரண்டு ஸ்டட் இல்லாத இடத்தால் வெளிக்காற்று உள்ளே போகிறது. புகையில் எவ்வளவு ஒக்சிசன் இருக்கிறது என்று அளக்கிற ஒக்சிசன் சென்சர் அதைப் பார்த்து, பெற்றோல் போதவில்லை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கம்ப்யூட்டர் இன்னும் பெற்றோல் ஊற்றுகிறது. கண் எரிந்த காரணம் அது.

கீழே போய்க் கன்வேர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டினேன். வெறும் பிஸ்கட் டின் மாதிரிச் சத்தம். வெள்ளிப் பெயின்டை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால், மேல் பக்கம் முழுநீளத்துக்குப் புது வெல்டிங் தழும்பு. காரில் இருக்கும்போது கண்ணுக்குப் படாத பக்கம் பார்த்து வெட்டியிருக்கிறார். கழற்றி ஃபோன் லைட்டை உள்ளே அடித்தோம். தேன்கூடு மாதிரி நெருக்கமாகச் சின்னச் சின்ன சதுரக் கண்கள் தெரிய வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது வெறும் தகரச் சுவர். "மாமா, உள்ளுக்கு ஒண்டுமில்லையே" என்றான் மருமகன்.

அந்தத் தேன்கூட்டுச் செரமிக்கில் பூசியிருப்பது பிளாட்டினம், பலேடியம், ரோடியம். ஒரு கன்வேர்ட்டரில் சில கிராம்தான் வரும். ஆனால் அந்தச் சில கிராமுக்காகப் பழைய கன்வேர்ட்டர் தேடி வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஹைபிரிட் கார்க்காரர்களுக்கு இது நடந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் பழைய ஸ்டார்லெட்டுக்கும் நடக்கும் என்று நினைக்கவில்லை. சுத்தம் செய்யக் கூலியும் கொடுத்து, சாமானையும் நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அழைத்துக் கேட்டேன். "உள்ளுக்குள்ள பொடிஞ்சு கிடந்தது தம்பி, எறிஞ்சிட்டன்" என்றார். பொடிந்திருந்தால் எனக்குக் காட்டியிருக்கலாமே, ஏன் வெட்டி ஒட்டிப் பெயின்ட் அடித்தீர்கள் என்று கேட்டேன். அழைப்பைத் துண்டித்துவிட்டார். அதற்குப் பிறகு என் நம்பரை எடுப்பதே இல்லை.

ஸ்டட் முறிந்ததற்கு நான் கோபப்படவில்லை. இந்தக் கடற்கரையில் எவ்வளவு கெட்டிக்காரருக்கும் முறியும். "முறிஞ்சிட்டு தம்பி, இனி லேத்துக்குக் கொண்டுபோகோணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே காசு கொடுத்திருப்பேன். மறைத்ததுதான் பொறுக்க முடியவில்லை. அந்த ஒட்டுத் துண்டு ஏதாவது டேர்போவுக்குள் போயிருந்தால்? நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலே சுற்றுகிற சக்கரம் அது. ஒரு சின்ன இரும்புத் துணுக்கு போதும்.

மறுபடி கழற்றும்போது எல்லாவற்றையும் நானும் மருமகனுமாகத்தான் செய்தோம். பொறுமை இருந்தால் வீட்டில் செய்யக்கூடிய வேலை அது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூன்று நாள் பின்னேரம் நட்டுகளுக்கு ஊடுருவுகிற ஒயில் அடித்தோம். சூட்டோடு அடித்தால் தீப்பிடிக்கும், கவனம். பற்றரியின் நெகட்டிவ்வைக் கழற்றி, ஒக்சிசன் சென்சரின் பிளக்கை முதலில் பிரித்தோம். இல்லாவிட்டால் குழாய் விழும்போது வயர் அறுந்துவிடும். சொக்கெட் ஆறு மூலை உள்ளதாக இருக்க வேண்டும். பன்னிரண்டு மூலை போட்டால் துருப்பிடித்த நட்டின் மூலை வழுகிவிடும். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு துளி, பிறகு கழற்றுகிற பக்கம் கால் சுற்று, திரும்ப உள்ளே, மறுபடி ஒயில். நட் கீச்சென்று கத்தினால் இழுக்காதீர்கள், அது முறியப் போகிறேன் என்று சொல்கிற சத்தம். பிடிவாதமாக நின்ற ஒரு நட்டை மட்டும் காஸ் டோர்ச்சால் சூடாக்க வேண்டி வந்தது, அதுவும் பெற்றோல் லைன், ஒயில் லைன் எதுவும் பக்கத்தில் இல்லை என்று பார்த்து, ஒயில் முழுக்கத் துடைத்த பிறகு. டேர்போவின் திறந்த வாய்களைத் துணியால் அடைத்துவிட்டோம். நாலு நாள் பிடித்தது. ஒரு நட்கூட முறியவில்லை.

ஹெட்டுக்குள் முறிந்து கிடந்த இரண்டையும் காத்தான்குடியில் ஒரு லேத்கார நானா எடுத்துத் தந்தார். ஒன்றின் தலையில் நட்டை வெல்டிங் பண்ணி, அந்தச் சூட்டிலேயே மெதுவாகச் சுழற்றிக் கழற்றினார். மற்றது வரவில்லை. துளைத்து எடுத்துப் புதுத் திரெட் போட வேண்டியிருந்தது. அலுமினிய ஹெட் என்பதால் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் துளைத்தார். கடைசியில் முறிந்த துண்டு இரண்டையும் ஒரு சின்னப் பையில் போட்டு, பில்லோடு சேர்த்துத் தந்தார். நான் கேட்கவே இல்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தபோது பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். என்னிடம் இருப்பது அவர் அனுப்பிய குரல் பதிவுகளும், வேலைக்கு முந்தைய நாள் மருமகன் விளையாட்டாக எடுத்த படங்களும்தான். அந்தப் படத்தில் கன்வேர்ட்டரின் மேல் பக்கம் வெல்டிங் இல்லாமல் தெளிவாகத் தெரிகிறது. அதை வைத்துத்தான் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன், பொலிசிலும் ஒரு பதிவு போட்டேன். ஆகவே யாரை அழைத்தாலும் கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு சாமானையும் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். கன்வேர்ட்டர் அடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் அதே இடத்தில் லைட் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்றால் நீங்களும் கூடவே போங்கள். உண்மையாகவே கெட்டிருந்தாலும் பழையது உங்களுடையது, கேட்டு வாங்குங்கள்.

உங்கள் காரிலும் கன்வேர்ட்டரின் மேல் பக்கம், தரையில் இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், நீளவாக்கில் ஒரு புது வெல்டிங்கும் வெள்ளிப் பெயின்டும் இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒரே கைவேலையா என்று பார்த்து என் முறைப்பாட்டோடு சேர்க்கிறேன். ஈபி 82 ஜீடிக்கு வெட்டுப்படாத ஒரிஜினல் கன்வேர்ட்டர் யாரிடமாவது இருந்தாலும் சொல்லுங்கள், கல்முனை என்றாலும் திருகோணமலை என்றாலும் வந்து எடுத்துக்கொள்கிறேன்.